பாப்பாத்திக்கு எழுதிய சீட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்தாறு வருஷம் பெண்கள் சிறையில் வார்டராக இருந்தவளுக்கு, உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதாது. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. பட்டப்பகலில், பதினோரு மணி வாக்கில் நடந்தது.

நாமக்கல் பக்கம் ஒரு கிளைச்சிறை. வியாழக்கிழமைதோறும் டாக்டர் வருவார். யார் யார் அவரைப் பார்க்க வேண்டும் என்று காலையில் லிஸ்ட் எழுதுவது என் வேலை. லிஸ்டில் பெயர் இல்லையென்றால் டாக்டர் அறை வாசலைக்கூட மிதிக்க முடியாது.

பாப்பாத்தி மல்லசமுத்திரத்துக்காரி. வரப்புத் தகராறில் உள்ளே வந்து, ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் மாதக்கணக்காகக் கிடந்தாள். அவளுக்குப் பெரும்பாடு, மாதவிலக்கு ரத்தம் நிற்காமல் போகிற நோய். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள்: "எனக்குக் கெடைக்காத ஜாமீனு என்ர ரத்தத்துக்குக் கெடச்சிருச்சுங்க மேடம், நிக்காம வெளிய போயிட்டே இருக்குது."

கொடுக்கிற நாப்கின் அவளுக்கு இரண்டு நாள்கூட வராது. போர்வை ஓரத்தைக் கிழித்து வைத்துக்கொண்டாள். சிறைச் சொத்தைக் கிழித்தாள் என்று புகார் எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

இரண்டு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வெளியே அனுப்புவதென்றால் போலீஸ் வழிக்காவல் வர வேண்டும். வந்த பெண் போலீசார், "சத்து மாத்திரை வாங்கறதுக்கா எங்களை இழுத்தடிக்கிறீங்க?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். போதாததற்கு இரண்டு தடவையும் பாப்பாத்தியின் மகள் அங்கே வந்து நின்றிருக்கிறாள். பிள்ளையைப் பார்க்கப் போடுகிற வேஷம் இது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூன்றாவது தடவை, டாக்டர் லிஸ்டில் எழுதிய அவள் பெயரை ஒரே கோட்டில் அடித்தேன்.

குழாயடியில் வந்து கேட்டாள். சுற்றிலும் யாருமில்லை.

"எம்பேரு இருக்குதுங்களா மேடம்?"

"நடிக்காதே, போ."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் அதே குழாயடியில் விழுந்தாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். விசாரணையில், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை என எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை புது டாக்டர். சின்னப் பெண், அன்றுதான் முதல் நாள். லிஸ்டில் நாலு பேர். ஒவ்வொருவராக நானே உள்ளே விட்டு, நானே வெளியே கூட்டி வந்தேன், வாசலை விட்டு நகரவில்லை. நாலாவது ஆள் வெளியே வந்த பிறகும் பத்து நிமிஷம் கதவு சாத்தியே இருந்தது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் வெளியே வந்து சீட்டுகளை நீட்டினார்.

"கடைசியா வந்த அம்மாவை இன்னைக்கே அட்மிட் பண்ணணும் மேடம். உடம்புல ரத்தமே இல்லை. எப்படி நடந்து வந்தாங்கன்னே தெரியலை."

"நாலு பேருதானேங்க டாக்டர்?"

"அஞ்சு பேர். மல்லசமுத்திரம்னு சொன்னாங்களே, பாப்பாத்தி." டாக்டர் லேசாகச் சிரித்தார். "உங்களுக்கு ரொம்ப பயப்படறாங்க போல. 'நா நடிக்கலீங்கன்னு மேடத்துகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க சாமி'ங்கிறாங்க."

குழாயடியில் நான் சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவளோ இல்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் அடித்த பெயரையும் சொல்ல வேண்டி வருமே. "சரிங்க டாக்டர்" என்று சீட்டை வாங்கிக்கொண்டேன்.

போகும்போது அவர் திரும்பி, "நாடி பாக்க விரல்ல மாட்டற இந்த மெஷினை மாத்தச் சொல்லுங்க மேடம், அந்த அம்மாவுக்கு மட்டும் எதுவுமே காட்டலை" என்றார். அவர் போனதும் என் விரலில் மாட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது.

ஓய்வு பெறும்வரை அதற்கப்புறம் ஒரு பெயரையும் நான் அடிக்கவில்லை. அதனால் என்ன, அவளுக்கு என்ன ஆகப்போகிறது? சீட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வயது எழுதியிருக்கிறது. எடை முப்பத்தெட்டு கிலோ என்று எழுதியிருக்கிறது. நாடித்துடிப்பு என்ற இடத்துக்கு நேரே ஒரு கோடு, நான் அவள் பெயர்மேல் போட்ட மாதிரியே.