நுவாடாவின் மீதிக் கதை

கெல்ட் மக்களின் பழங்கதைகளில் நுவாடா என்றொரு போர்த்தெய்வம் உண்டு. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில், பள்ளி நூலகத்து ஆங்கிலப் புத்தகத்தில் அந்தக் கதையை மூன்று முறை வாசித்தேன். அதில் பாதியை மட்டும் ஊருக்குச் சொன்னதுதான் நான் செய்த பிழை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வட்டக்கச்சிக்கு வந்தோம். எங்கள் வாய்க்கால் நீரில் பயிரிட்டவை பன்னிரண்டு குடும்பங்கள். மழைக்காலப் பெரும்போகத்துக்கு நல்ல நாள் பார்த்து எல்லோருக்குமாக முதற்பிடி நெல்லை விதைப்பவர் பக்கத்துக் காணி அண்ணை. கைராசிக்காரர். ஆறு முறை விதைத்தார். ஆறு முறையும் விளைந்தது. ஏழாம் வருடம், பன்றிக்குக் கட்டியிருந்த கட்டுத்துவக்கு வெடித்து அவருடைய வலக்கை மணிக்கட்டோடு போய்விட்டது.

அந்த ஐப்பசியில் மருதமரத்தடியில் கூடினோம். முதற்பிடியை இடக்கையால் விதைக்கலாமா என்பதே கேள்வி. ஐந்து பேர் ஓம் என்றார்கள். ஐந்து பேர் கூடாது என்றார்கள். அண்ணையையே கேட்பது முறையில்லை. மிஞ்சியது நான்.

"தம்பி, நீர் இங்கிலீசு படிச்சனீர். நீர் சொல்லும்" என்றார் கூட்டத்தில் மூத்தவர்.

நான் நுவாடாவைச் சொன்னேன். அவன் தன் கூட்டத்துக்கு அரசன். போரில் ஒரு கை போயிற்று. அங்கக்குறை உள்ளவன் ஆளக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் அரசிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"பாத்தியளே! வெள்ளைக்காரச் சாமிக்கே அரச கதிரை இல்லையாம்" என்று ஒருவர் தொடையில் தட்டினார்.

அண்ணையும் சிரித்தார். "சாமிக்கே இல்லையெண்டா எனக்கென்ன? தம்பியே விதைக்கட்டும். பேனை பிடிச்ச கை, நெல்லு நோகாது."

மீதிக் கதை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அந்த முதற்பிடிக்கு நான் நான்கு வருடமாக ஆசைப்பட்டிருந்தேன்.

விதைப்பன்று அண்ணை வரம்பில் நின்றார். "கொஞ்சம் அகட்டி எறியும், தம்பி. கோழிக்கே தீன் போடுறீர்?" என்றார். மறுநாள் தன் வயலை இடக்கையால் தனியே விதைத்தார். நாற்பது வீச்சுவரை எண்ணினேன். பிறகு பார்க்க முடியவில்லை.

மாசியில் இருவரும் வாய்க்கால் துப்புரவாக்கும்போது கேட்டார்: "அந்தச் சாமிக்குப் பிறகு என்ன நடந்தது?"

"அவ்வளவுதான் கதை, அண்ணை."

"அங்க ஒரு வைத்தியரும் இல்லையோ? பாவம்."

இருந்தார். அவர் வெள்ளியில் ஒரு கை செய்து பொருத்தினார். பின்பு வைத்தியரின் மகன் சதைக்கையையே வளரச் செய்தான். ஏழாம் வருடம் நுவாடா மீண்டும் அரசனானான். மொத்தம் மூன்று வசனம்.

அதன் பின் அண்ணை ஐந்து பெரும்போகம் உயிரோடு இருந்தார். ஐந்திலும் முதற்பிடி என்னுடையதுதான். என் வாசலில் இருந்து அவருடைய வேலிப் படலைக்குத் தொண்ணூற்றாறு காலடி. கடைசி வருடம் மீதியைச் சொல்லிவிடுவதென்று ஒருநாள் போனேன்.

"வாரும் தம்பி, தேத்தண்ணி குடியும்" என்று இடக்கையால் பேணியை நீட்டினார்.

குடித்துவிட்டு வந்துவிட்டேன்.