கார்லிக்குப் பதினெட்டு ஆனபோது

நெட்ராவுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. கெண்டக்கி மலைப்பக்கத்து இரும்புச் சாமான் கடையில் கல்லாவில் நின்றுகொண்டு, நாலு ஆணி வாங்க வந்தவனைக்கூட "எதுல அடிக்கப் போற? பழசு என்னாச்சு?" என்று குடைந்தெடுத்துவிடுவாள். இவள் வாய்க்குப் பயந்து பக்கத்து ஊர்க் கடைக்குப் போனவர்களும் உண்டு.

அந்த வாய்தான் மகள் கார்லியைப் பள்ளிக்கூடத்தில் நிலைக்க வைத்தது. கார்லிக்கு டவுன் சிண்ட்ரோம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று பள்ளிக்காரர்கள் வருஷா வருஷம் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துப் பேசியாக வேண்டும். பிடிக்காவிட்டால் பெற்றோர் மறுக்கலாம். எங்கள் ஜனங்கள் எங்கே மறுக்கிறார்கள்? கேக் சுட்டு எடுத்துப் போவார்கள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள், நன்றி சொல்லிவிட்டு வருவார்கள். நெட்ராவும் ஆப்பிள் கேக் கொண்டுபோவாள். எல்லார் வாயும் நிறைந்திருக்கிற நேரம் பார்த்து "ஏன்?" என்று ஆரம்பிப்பாள். அப்படி மல்லுக்கட்டித்தான், நாள் முழுக்கக் கார்லி பக்கத்திலேயே இருக்க மிஸ் ஹேட்சர் என்ற உதவியாளரைப் போட வைத்தாள். சம்பளச் செலவை மிச்சம் பிடிக்க அந்தம்மாவை எப்போது கழற்றிவிடலாம் என்று பள்ளி அதிகாரி மலின்ஸ் ஒவ்வொரு வருஷமும் பார்ப்பார். நெட்ரா அசையமாட்டாள்.

இந்த நிலையில் கார்லிக்குப் பதினெட்டு நெருங்கியது. அந்த வயது வந்துவிட்டால் பெற்றோரின் உரிமையெல்லாம் பிள்ளையின் கைக்குப் போய்விடும். சட்டம் அப்படி.

"கோர்ட்டுக்குப் போய் நீயே கார்டியன் ஆயிடேன்க்கா," என்றாள் தங்கை வாண்டா.

ஆகலாம்; முடிவெடுக்கும் உரிமை அவள் கையிலேயே இருக்கும். ஆனால் ஜூரி முன்னால் நின்று, மகளுக்கு விவரம் போதாது என்று நிரூபிக்க வேண்டும்.

"விவரம் இருக்கு, இருக்குன்னு இத்தன வருஷம் கத்தினவடி நான். இப்ப அதே வாயால இல்லைன்னு சொல்லவா? போடி!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். மலின்ஸ் தேனொழுகப் பேசி, கார்லியைத் தலையாட்ட வைத்து, ஹேட்சரை எடுத்துவிட்டால்? பயத்துக்கு நடுவிலும் ஒரு குறுகுறுப்பு. இந்தப் பெண் அங்கே என்னதான் பேசுவாள்?

பதினெட்டு முடிந்த பிறகு வந்த அந்த வருஷக் கூட்டத்தில் மலின்ஸ் நாற்காலியைக் கார்லி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "கார்லி, இனிமே நாங்க உன்னத்தான் கேக்கணும். மிஸ் ஹேட்சர் வேணுமா, வேண்டாமா?"

"கட்டாயம் வேணும்," என்று பாய்ந்தாள் நெட்ரா.

"நெட்ரா, நான் உங்களக் கேக்கலையே."

கார்லி வாயிலிருந்த கேக்கை நிதானமாக மென்று முடித்தாள். பாவி மகளுக்கு அவசரமே இல்லை. "கணக்குக்கு வேணும். சாப்பாட்டு நேரத்துல வேண்டாம்."

"ஏன்?" கேட்டது மலின்ஸ் இல்லை, நெட்ரா.

"அவங்க எப்பவும் எம்பக்கத்துலயே இருக்காங்க. பெரியவங்க இருக்கிற எடத்துல எந்தப் பொண்ணும்மா வந்து உக்காரும்?"

நெட்ரா கேக் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த துணை. அதனாலேயே மகள் இத்தனை வருஷம் ஒரு சிநேகிதி இல்லாமல் சாப்பிட்டிருக்கிறாள்.

மலின்ஸுக்கு வாயெல்லாம் பல். "அப்ப மொத்தமா எடுத்துரலாமா?"

நெட்ரா வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். பேசும் உரிமை இப்போது அவளுடையது அல்ல.

"கணக்குக்கு வேணும்னு சொன்னேன்ல?" என்றாள் கார்லி. "எடுத்தீங்கன்னா ஒத்துக்கமாட்டேன்."

மலின்ஸ் பெருமூச்சு விட்டு, அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் நெட்ரா ஆரம்பித்தாள்.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ அதுக்கும் ஒரு மீட்டிங் வைப்ப."

நெட்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைச் சிந்திக்கொண்டாள். "சரிடி, நாளைக்கும் யாரும் வந்து உக்காரலன்னா?"

"நானே அந்தப் பொண்ணுங்க மேஜைக்குப் போய் உக்காந்துக்குவேன்," என்றாள் கார்லி. "நீ ரோட்டப் பாத்து ஓட்டும்மா."