டைமருக்கு முந்திய வெளிச்சம்

மீன் தொட்டிக்குள் செடி வளர்த்துக் கொடுக்கும் தொழிலில் மீன் செத்தால் ஒரு திட்டு, பாசி பிடித்தால் பத்துத் திட்டு. என்னைப் போல வீடு வீடாகத் தொட்டி கழுவப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆறு மணி நேரம்

கள்ளிக்குப்பத்தில் தனசேகர் என்று ஒரு வாடிக்கையாளர், லேத் பட்டறை சூப்பர்வைசர். ஹாலில் தொட்டி, அதன் இடப்பக்கம் அவர் நாற்காலி. நாள் முழுக்க விளக்கைப் போட்டு வைத்து, கண்ணாடியெல்லாம் பாசி. செடிக்கு ஆறு மணி நேர வெளிச்சம் போதும், மிச்சத்தைப் பாசிதான் தின்னும் என்று சொல்லி டைமர் மாட்டினேன். எப்போது எரிய வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அஞ்சரைக்குப் போடு நைனா. நான் ஊட்டுக்கு வர்றப்ப அது எரிஞ்சுகினு இருக்கணும்."

முந்துகிற டைமர்

ஆடி மாதம் பட்டறையிலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்த வாரம் அவர் மனைவி செல்வி கூப்பிட்டார். விளக்கு நாலு மணிக்கே எரிகிறதாம். அது சுற்றுகிற டைமர். கரண்ட் போனால் நின்று, வந்ததும் ஓடும். பின்தங்கலாம், முந்தவே முந்தாது. சரிசெய்து வைத்தேன். அடுத்த வாரம் மூன்று மணி. புது டைமர் மாட்டினேன், இரண்டு மணி.

பூந்தமல்லியில் இருக்கும் மகள் பயந்துவிட்டாள். இது சரியாகாவிட்டால் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மாவைத் தன் பிளாட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். செல்விக்கு அந்த வீட்டை விட மனமில்லை. நீங்கள்தான் டைமரைத் திருப்புகிறீர்களா என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் தொடல அண்ணா. அவருக்கு இப்ப வேலை இல்லியே, சீக்கிரம் வந்துர்றாரு."

சாய்ந்த செடிகள்

இனி டைமரைக் குறை சொல்லிப் பயனில்லை. விளக்கையே கழற்றி மேசை மேல் வைத்தேன். பத்து நாள் இருட்டில் கிடந்தால் மிச்சப் பாசியும் சாகும் என்று சாக்குச் சொல்லி, தொட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றிக் கட்டினேன்.

பத்தாம் நாள் மதியம் போனபோது மகளும் வந்திருந்தாள். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தால், வெளுத்துத் தொய்ந்திருக்க வேண்டிய செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. அத்தனையும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது, நாற்காலி மட்டும்தான். செடி ஏன் சாயும் என்று மகள் கேட்டாள். வெளிச்சம் வருகிற பக்கம் சாயும் என்று பழக்கதோஷத்தில் என் வாய் சொல்லிவிட்டது. அவள் உடனே அம்மாவின் துணிமணியை எடுத்து வைக்கப் போனாள்.

செல்வி நாற்காலி மேல் கிடந்த துண்டைச் சரியாகப் போட்டுவிட்டு, டைமரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இத எடுத்துகினு போங்க அண்ணா. இனிமே அவரு எங்கயும் போறதில்ல. நானும் போவல."

அந்தத் தொட்டியில் விளக்கும் இல்லை, பாசியும் இல்லை என்பதால், வெளிச்சம் அளவாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டி, மாதம் ஒருமுறை தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுகிறேன்.