கூப்பிடக் கூடாத பெயர்

கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறந்தால் முதலில் விழும் சொல் 'வேண்டாம்'. மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று மனைவி கேட்டால், வேண்டாம். மகள் நீச்சல் கற்றுக்கொள்ளட்டுமா என்றால், வேண்டாம். முப்பது வருஷமாக ஆளுயரக் கண்ணாடிகளை வெட்டி விற்கிறவர், எது எப்போது உடையுமோ என்ற நினைப்பிலேயே காலத்தை ஓட்டியவர். அவரைக் கேலி செய்யத்தான் தோன்றும். ஆனால் அவருடைய வலது கட்டைவிரலில் பாதி நகம்தான் இருக்கிறது.

மகள் ஒரு மழைநாளில் குட்டி நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தபோதும் அதே கதைதான். "வேண்டாம்மா, கடை பூரா கண்ணாடி, வேண்டாம், வேண்டாம்" என்று அவர் மூச்சுவிடாமல் சொல்லச் சொல்ல, தன்னைத்தான் அழைக்கிறார் என்று நினைத்துக் குட்டி அவர் காலடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயரும் அதுவே ஆகிப்போனது. பிறகு எந்தச் செல்லப் பெயர் வைத்தாலும் அதற்குக் காது அசையவில்லை. 'வேண்டாம்' என்றால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வரும்.

"அப்பா பக்கம் டெரியர் ஜாதி, அம்மா பக்கம் தெரு" என்றார் நாய் டாக்டர். கம்பி மாதிரி முடி, தண்ணீர் குடித்தால் சொட்டும் தாடி, நிமிர்ந்த காது ஒன்று, மடிந்த காது ஒன்று. எலி வாசனை பட்டுவிட்டால் அதற்கு உலகமே மறந்துபோகும்.

முன்னறை கடை, பின்னால் வீடு, நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தடுப்புப் பலகை. அப்படியும் அவருக்கு மனசு ஆறாது. தினமும் கடை மூடியதும் முக்காலியில் உட்கார்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நாயின் நான்கு பாதங்களையும் விரல் இடுக்கு விடாமல் பார்ப்பார். கண்ணாடித் தூள் எதுவும் ஏறியிருக்கக் கூடாது.

"என் காலை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி.

"நீ செருப்பு போட்டிருக்கியே" என்பார்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. முதலில் தங்கிய இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. இப்போது வேறு வீடு கிடைத்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேம்ப்பா. உங்களுக்கும் தினம் தினம் பயப்படுற வேலை இருக்காது" என்றாள் போனில். அவர் வெறுமனே 'உம்' கொட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குள் ஓர் எலி ஓடியது. நாய் ஒரே தாவலில் பலகையைத் தாண்டி, கண்ணாடிகளைச் சாய்த்து வைக்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய்ந்தது. அழகு நிலையத்துக்காக வெட்டி வைத்திருந்த பெரிய கண்ணாடி ஆடியது, சாய்ந்தது, விழுந்தது. வெட்டுமேஜை அருகில் நின்றவர் அந்தச் சத்தத்தில் திரும்பினார். நாய் எதிர்மூலையில் உயிரோடு நின்றது. அதற்கும் அவருக்கும் நடுவில் பத்தடித் தரை முழுக்கச் சில்லுகள். பாதத்தில் ரத்தக்குழாய் அறுந்தால் நாய் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்றோ சொன்னது அவர் காதில் கேட்டது. வராதே என்று அதனிடம் சொல்ல வேண்டும். சொன்னார்.

"வேண்டாம். அங்கேயே இரு. வேண்டாம்."

நாய் கிளம்பியது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் உள்ளேயிருந்து ஓடி வந்த மனைவி பார்த்தாள். "ஐயோ, வேண்டாம், வேண்டாம்" என்று அலறினாள். இரண்டு பேரும் கூப்பிட்டால் எந்த நாய்தான் நிற்கும். இன்னும் இரண்டு அடி வைத்தது. முன்கால் சிவந்தது. வலித்தும் அது நிற்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டே வந்தது.

அவர் சில்லுகளுக்குள் ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. நாயை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார், அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாமல். சட்டையெல்லாம் ரத்தம். அது யாருடையது என்று குனிந்து பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அசையாதீங்க" என்று மனைவி துடைப்பத்தால் வழி செய்துகொண்டே வந்தாள்.

நாய்க்கு மூன்று தையல், அவருக்கு ஐந்து. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் 'போதும்' என்றார். விசிறி போடவா என்றால் தலையை மட்டும் இடவலமாக ஆட்டினார். வாய்தவறிச் சொல்லிவிட்டால் நாய் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நொண்டி வந்துவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை மகள் புதுக் கழுத்துப்பட்டையோடு வந்தாள். அவர் காலைப் பார்த்தாள், நாயின் காலைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சொன்னேன். இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேம்ப்பா. என்ன?"

அந்தப் பழைய சொல் தொண்டை வரைக்கும் வந்தது. துண்டில் படுத்திருந்த நாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லை விழுங்கினார். அது இல்லாமல் எப்படி மறுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு வேணும்மா" என்றார்.

மகள் கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அப்பா 'வேணும்' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.