அக்கா பார்த்து முடிக்காத படம்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஆக்லாந்தில் பாபடோயிட்டோய் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது இது. அப்போது என் அக்கா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அம்மா, அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. இரண்டு கல்யாணப் பேச்சு வந்தது. "இவள் படிச்சு முடிக்கட்டும்" என்று இரண்டையும் தட்டிக் கழித்தாள். நானோ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். அதற்கும் ஏசவில்லை. சோறு சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினால் மட்டும், "கழுவினா கை தேஞ்சு போயிடுமோடி?" என்பாள். பிறகு அவளே எடுத்துக் கழுவுவாள்.

சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போவாள். இருட்டும் நேரம் வந்து சோறு வைப்பாள்.

அவள் போன பிறகு அவளுடைய போனை நான் வைத்திருந்தேன். சனிக்கிழமை ஐந்து மணியானால் அதில் ஒரு அலாரம் அடிக்கும். ஏன் என்று தெரியாது. அமத்திவிடுவேன்.

அக்காவோடு வேலை செய்த ஒரு மராத்தி ஆன்ட்டி செத்தவீட்டுக்கு வந்திருந்தார். "ஒரு சனிக்கிழமை வா, உன் அக்கா பார்க்கிற படம் போடுறன்" என்று கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம், நான் என் தமிழில் எழுதுகிறேன். போனேன். அவர் சோபாவைக் காட்டி, "சனிக்கிழமையில இதுதான் உன் அக்கான்ர இடம்" என்றார்.

"சனிக்கிழமை அவளுக்கு ஓவர்டைம் எல்லோ?"

"என்ன ஓவர்டைம்? பன்னிரண்டு மணிக்கே எங்களுக்கு வேலை முடிஞ்சிடும்."

 என்னிடம் பொய் சொல்லிவிட்டு இங்கே வந்து படம் பார்த்தாளா? கோபம் வந்தது. செத்துப்போனவளோடு எப்படிக் கோபிக்கிறது என்றும் தெரியவில்லை.

படம் ஓடியது. படுக்கையில் ஒரு தகப்பன், வேலை இல்லாத தம்பி, ஒரு தங்கச்சி. எல்லாரையும் மூத்த பெண் ஒருத்தி தாங்குகிறாள். எனக்கு மராத்தி தெரியாது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தை நான் கூட்டி வாசிக்குமுன் அது மறைந்துவிடும். ஆனால் அந்தத் தங்கச்சி சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பியபோது எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை.

"இந்த இடத்தில அக்கா அழுவாளா?" என்று கேட்டேன்.

பக்கத்தில் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆன்ட்டி சிரித்துவிட்டார்.

"அழுறதா? இதுக்கு முன்னமே அவள் நித்திரை! கடைசி ஆறு மாசமும் இந்த ஒரே படம்தான். முதலில இருந்து போடு எண்டுவாள், பத்து நிமிசத்தில குறட்டை. நான் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு என்ர வேலையைப் பார்ப்பன்."

வீட்டில் அக்கா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் என் பைக்குள் இருந்த அக்காவின் போனில் அலாரம் அடித்தது. ஆன்ட்டி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் முழங்காலில் தட்டி, "எழும்பு, எழும்பு, தங்கச்சி பசியோட இருப்பாள்" என்றார்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கீரைக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது.

"படத்தை நிப்பாட்டவா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். அக்கா பார்க்காத மிச்சத்தையும் பார்த்தேன். கடைசியில் அந்த மூத்த பெண் ஒரு பையோடு வாசலில் நிற்கிறாள். வெளியே போகிறாளா, உள்ளே வருகிறாளா, எனக்கு விளங்கவில்லை. ஆன்ட்டியிடமும் கேட்கவில்லை.

பொய் சொல்லிவிட்டுப் போய்த் தூங்குமளவுக்கு நான் அவளுக்குப் பாரமாக இருந்தேனா? அப்படியென்றால் எனக்காக ஏன் அலாரம் வைத்தாள்? யோசித்தால் இன்னும் குழப்பம்தான். அந்த அலாரத்தை நான் அழிக்கவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அது அடித்தால், பசிக்கிறதோ இல்லையோ, அக்கா கூப்பிட்டது போல எழும்பிப் போய் எனக்கு நானே சோறு வைக்கிறேன்.