ஒரே வரிசையில் ஐந்து அறைகள்

நுவரெலியாவிலிருந்து வந்த கடிதம் ஒன்பது நாளாக மேசைமேல் கிடந்தது. பழைய பங்களா ஒன்றை வாங்கியிருக்கும் குடும்பம், அதை இடித்துத் திருத்திக் குடியிருக்க ஏற்றதாக்கித் தரும்படி எழுதியிருந்தது. கடைசி வரி இது: "உங்கள் மகளும் வர வேண்டும். அவர் வந்து பார்த்தபிறகே வேலையைத் தொடங்கலாம்."

எந்தத் தகப்பனும் இதைப் படித்துவிட்டு நாலு பேருக்குக் காட்டியிருப்பான். நான் அதை மடித்து மைக்கூட்டின் அடியில் வைத்தேன். கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால்தான், இனி கட்டுமான வேலை நடக்கிற இடத்துக்கு நீ வரக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு வயது பத்தொன்பது. சொன்னதைத் திரும்ப வாங்குவதா, கடிதத்துக்கு இல்லை என்று எழுதுவதா என்பது அந்த ஒன்பது நாளும் என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், அறைக்கொரு குடும்பம், முன்னால் இஸ்தோப்பு என்கிற நீளமான தாழ்வாரம். எப்படியோ படித்து, நோட்டன் பிரிட்ஜில் மின்சாரத் திட்ட வேலை நடந்தபோது படம் வரையும் ஆபீசில் சேர்ந்தேன். என்ஜினியர்கள் வரைந்ததை மெல்லிய தாள் வைத்துப் பிரதி எடுப்பது என் வேலை. அணை கட்டி முடிந்ததும் வேலையும் முடிந்தது. கையில் மிஞ்சியவை ஒரு இரும்பு அளவு நாடாவும், நேர்க்கோடு போடத் தெரிந்த கையும்தான். என் மனைவியின் அண்ணன் அதே அணையில் கல் கட்டிய மேஸ்திரி. அவருடைய கூட்டாளி கினிகத்தேனைக்காரர், சிங்களத் தச்சர். தச்சர் என்பதால் எல்லோருக்கும் அவர் பாஸ். நாங்கள் மூன்று பேரும் நோர்வூட் கடைத்தெருவில் ஒரு கடையின் பின்னறையை எடுத்துக்கொண்டு வீடு திருத்தும் வேலையைத் தொடங்கினோம். கடைத்தெருவில் எனக்குப் பிளான் மாஸ்டர் என்று பெயர் விழுந்தது.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. பங்களாக்களுக்கு நம் நாட்டுத் துரைமார் வந்தார்கள். வந்த மறுவாரமே அவர்களுடைய மனைவிமார், சமையற்கட்டான குசினி ஏன் வீட்டிலிருந்து நாற்பது எட்டு தள்ளி இருக்கிறது என்று கேட்டார்கள். குசினியை வீட்டுக்குள் கொண்டு வருவதே எங்களுக்கு இரண்டு மூன்று வருஷச் சோறு போட்டது. அப்புறம் பஜார் முதலாளிமார். இங்கே இருப்பதா, இந்தியாவுக்குப் போவதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, இருப்பது என்று முடிவு செய்தவர்கள் முதலில் எங்களிடம்தான் வந்தார்கள்.

நாங்கள் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. அது என் மனைவி கண்டுபிடித்தது. புது வீட்டுக்குப் போனால் நான் முன்வாசலில் நாடாவை விரிப்பேன். அவள் பின்வாசலால் குசினிக்குப் போய்விடுவாள். வீட்டுக்காரர் என்னிடம் ஹால் பெரிதாக வேண்டும், தூண் வேண்டும் என்பார். வீட்டுக்காரி என் மனைவியிடம் புகை போக வழியில்லை, விறகு நனைகிறது, மாமியார் இருமலில் யாருக்கும் தூக்கமில்லை என்பாள். திரும்பி வரும் வழியில் என் மனைவி சொல்வதை வைத்துத்தான் நான் படம் வரைவேன். தூணையும் ஓர் ஓரத்தில் போட்டுவிடுவேன்.

இந்த முறையை விட்ட இடங்களிலெல்லாம் அடிபட்டோம். அட்டன் பக்கத்தில் ஒரு முதலாளி, பழைய பங்களாவின் கணப்படுப்பைச் சாமி மாடமாக்கித் தரச் சொன்னார். அழகாகச் செய்து கொடுத்தோம். மேலே புகைபோக்கியை அடைக்க மூன்று பேரும் மறந்துபோனோம். ஆனி மாத மழையில் முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் முருகன் படம் நனைந்து, விபூதி குழைந்து கிடந்தது. என் மனைவி, "நாள் பூரா அபிஷேகம் நடக்குதுங்க, ஐயருக்குச் செலவில்லை" என்றாள். முதலாளி சிரித்ததால் பிழைத்தோம்.

இரண்டாவது அடி பெரியது. நோர்வூட்டிலேயே ஒரு துணிக்கடை முதலாளி, கடைக்குப் பின்னால் இருந்த நிலத்தில், பழைய வீட்டோடு ஒட்டி ஐந்து அறை கேட்டார். அவருடைய மனைவி, தன் தங்கை கல்யாணத்துக்காகத் திருச்சிப் பக்கம் போய் ஆறு மாதம் தங்கிவிட்டார். குசினியில் பேச ஆளில்லை. நான் முதலாளியிடம் மட்டும் கேட்டுப் படம் வரைந்தேன். மச்சான் கல் கட்டினார். பாஸ் கூரைச் சட்டம் ஏற்றித் தகரம் போட்டார். எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது நல்ல வீடாகவே தெரிந்தது.

முதலாளி அம்மா திரும்பி வந்ததும் பால் காய்ச்சும் நாள் குறித்தார்கள். அவர்கள் வழக்கப்படி வீட்டுக்காரி குத்துவிளக்கில் ஏற்றிய சுடரை ஒரு கைவிளக்கில் எடுத்துக்கொண்டு எல்லா அறைக்குள்ளும் போய்வர வேண்டும். வெளியே சாரல். அம்மா முதல் அறையில் விளக்கோடு நின்று, அடுத்த அறைக்குக் கதவைத் தேடினார். இல்லை. இஸ்தோப்புக்கு வந்துதான் அடுத்த அறைக்குள் போக வேண்டும். இஸ்தோப்பில் காற்று ஒரு வீச்சு வீசியது. விளக்கு அணைந்தது. திரும்பிப் போய் ஏற்றி வந்தார். இரண்டாவது அறையிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது மறுபடி அணைந்தது. ஐந்து அறைக்கு நான்கு தடவை அணைந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மச்சான் தலையை உயர்த்திக் கூரையைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

அம்மா விளக்கைத் தரையில் வைத்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "மாஸ்டர், இது லயமுங்க. வெள்ளை அடிச்ச லயம்."

என் மகள் அன்று என்னோடு வந்திருந்தாள். அட்டனில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி முடித்து அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே என் மேசையில் தாள் வைத்துப் பிரதி எடுத்துப் பழகியவள். மறுநாள் முழுக்க என் பழைய படங்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, கோவிக்கக் கூடாது. எல்லாப் படத்தையும் அளந்து பாத்துட்டேன். துரை வீடானாலும் முதலாளி வீடானாலும் நீங்க போடுற ரூம் எல்லாம் பத்துக்குப் பன்னிரண்டு. ரூமுக்கு ஒரு கதவு, அதுவும் வெளிய பாத்து. நீங்க பொறந்த லயத்துக் காம்பராவையே எல்லாருக்கும் கட்டிக் குடுத்திருக்கீங்க."

கோபம் வந்தது. நாடாவை எடுத்துக் குனிந்து நானே ஒவ்வொரு படமாக அளந்தேன். அவள் சொன்னது சரி. மச்சானும் லயத்தில் பிறந்தவர். பாஸ் இருபது வருஷம் லயங்களுக்குக் கதவு மாற்றியவர். அப்படியொரு வீட்டில் என்ன குறை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதில் என்ன ஆச்சரியம்? பிறகு சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மச்சானுக்குச் சொன்னபோது அவர் மட்டும், "ஏன், லயத்துல நாம வாழலையா?" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

நான்கு குறுக்குச் சுவர்களிலும் வாசல் திறக்க வேண்டும், ஆவணியில் விளக்கை மறுபடி எடுத்துப் போக வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. கூரை முழுதும் அந்தச் சுவர்கள்மேல்தான் உட்கார்ந்திருந்தது. மச்சான் கையை விரித்தார். என் மகள் வழி வரைந்து காட்டினாள். வாசல் வரப்போகும் இடத்துக்கு மேலே சுவரில் துளையிட்டுக் கட்டைகளைக் குறுக்கே செலுத்துவது, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுப்பது, பாரம் முட்டுக்கு வந்தபின் கீழே உடைப்பது, உடைத்த இடத்தில் உத்திரத்தை ஏற்றுவது. நான்கு வாசலும் ஒரே நேரில் வர வேண்டும் என்றாள். அப்போது முதல் அறையில் நிற்பவருக்குக் கடைசி அறை தெரியும். பாஸ் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஹரி துவ" என்றார். மகளே, சரி என்று அர்த்தம். அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

முதல் இரண்டு சுவரும் வெண்ணெய் போல வந்தன. மூன்றாவதுக்கு முந்தைய நாள் கடும் மழை. அந்த அறையில் இன்னும் சிமெந்து போடவில்லை, மண் தரை. முட்டுக்குக் கீழே பலகை வைக்க மறந்தோம். சுவர் உடைந்து வாசல் திறந்தாயிற்று. உத்திரம் ஏறும் முன், நேர் பார்ப்பதற்காக என் மகள் தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடுவில், தலைக்கு மேலே அத்தனை கல்லோடு நின்றாள். நான் இஸ்தோப்பில் நாடாவோடு நின்றேன்.

ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, ஈர விறகு முறிகிற மாதிரி. முட்டு மண்ணுக்குள் இறங்கியது. மேலேயிருந்து பொடி கொட்டியது. அவள் ஓடவில்லை. முட்டில் தோளைக் கொடுத்தாள்.

"ஒரு இஞ்சு இறங்கிருச்சு" என்றாள், கடையில் சாமான் கேட்கிற குரலில். "பாஸ், ஆப்பு."

பாஸ் ஆப்பை வைத்து இரண்டு அடி அடித்தார். மச்சான் எங்கிருந்தோ பலகையோடு பாய்ந்தார். நின்றுவிட்டது. நான் நின்ற இடத்தில்தான் நின்றேன். பிறகு கையைப் பார்த்தபோது நோட்டன் பிரிட்ஜிலிருந்து வைத்திருந்த அந்த இரும்பு நாடா முறுக்கிய கயிறு போலக் கிடந்தது. இன்றும் அதைச் சுருட்ட முடியாது.

நாலாவது சுவரும் முடிந்தது. அதற்கு நான் போகவில்லை. அவள் போனது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றுதான் இனி வரக்கூடாது என்றேன். ஆவணியில் அம்மா விளக்கை ஏந்திக்கொண்டு ஐந்து அறையும் நடந்தார். ஒரு தடவைகூட அணையவில்லை. அன்று வந்து அதைப் பார்த்த அவருடைய தங்கை புருஷன்தான் நுவரெலியாவில் பங்களா வாங்கியவர்.

எட்டாவது நாள் என் மனைவி கடிதத்தை மைக்கூட்டின் அடியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீங்க பயப்படுறீங்க, சரி. பயந்துக்கிட்டே இருங்க, யாரும் வேணாங்கல. அதை ஏன் அவ தலையில கட்டுறீங்க?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மச்சானும் பாஸும் முட்டும் கட்டையுமாக எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார்கள். என்ன வேலை என்று கேட்டேன். மகள் சுவரைக் காட்டினாள். படுக்கை அறைக்கும் குசினிக்கும் நடுச்சுவரில் ஒரு வாசல் அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே வரைந்து, நானே கட்டிய என் வீடு. மூன்று அறை, ஒரே வரிசை. கடைசி அறை குசினி. பதினோரு வருஷமாக என் மனைவி மழை நாளெல்லாம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சோற்றுப் பானையை இஸ்தோப்பு வழியாகத்தான் கொண்டு வந்திருக்கிறாள். ஊரெல்லாம் குசினிக் குறையைக் கேட்டு வந்து சொன்னவள், தன் குசினியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் நாடாவை எடுத்துக்கொண்டு இங்கே எப்போது வந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டாள்.

முட்டுகளுக்குக் கீழே பலகை வைத்தார்கள். ஒன்றல்ல, இரண்டிரண்டு. நான் குனிந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். மச்சான், "மாப்ள, இன்னும் ரெண்டு பலகை போட்டா வீடு மேல ஏறிரும்" என்றார். துளை விழுந்தது, கட்டை ஏறியது, சுவர் உடைந்தது. மகள் தூக்குக்குண்டை எடுத்தாள். வாசலுக்குள் போகப்போகிறாள் என்று ஓர் எட்டு முன்னால் வைத்தேன். அவள் நூலை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க உள்ள நில்லுங்கப்பா. நான் இங்கருந்து பாத்துச் சொல்றேன்."

போய் நின்றேன். தலைக்கு மேலே கல். குண்டு ஆடியது. கொஞ்சம் பொடி கழுத்தில் விழுந்தது. ஓடத்தான் தோன்றியது. ஆனால் ஓடினால் நூல் அசையும், நேர் தெரியாது. நிற்கிறவனுக்குப் பார்க்க ஒரு வேலை இருந்தது. வெளியே நாடாவோடு நின்றவனுக்கு அது இல்லை. அன்று அவள் எப்படி நின்றாள் என்பது அங்கே நின்றபோது கொஞ்சம் புரிந்தது. பயம் போகவில்லை. இதை எழுதும்போதும் விரல் நுனியில் இருக்கிறது.

"சரி" என்றாள் மகள். பாஸும் மச்சானும் உத்திரத்தை ஏற்றினார்கள். இறுக்கி முடிந்ததும் குசினிப் பக்கத்திலிருந்து என் மனைவியின் கை ஒரு தேத்தண்ணிக் கோப்பையோடு உடைந்த சுவரின் வழியாக நீண்டது. அன்றும் வெளியே மழைதான். கோப்பையில் ஒரு துளி விழவில்லை.

சாயங்காலம் நுவரெலியாவுக்குப் பதில் எழுதினேன். அடுத்த புதன்கிழமை என் மைத்துனரும் தச்சரும் எனக்குப் பதிலாக என் மகளும் முதல் பஸ்ஸில் வருவார்கள் என்று ஒரு வரி. என் மனைவியும் வருவாள், அவளைக் குசினிப் பக்கமாக உள்ளே அனுப்பவும் என்று ஒரு வரி. பிறகு தரை ஈரமாக இருந்தால் என்ன செய்ய வேண்டும், பலகை எத்தனை அங்குலக் கனம் இருக்க வேண்டும், மழை பெய்த மறுநாள் எந்தச் சுவரையும் தொட விடக்கூடாது என்று பதினான்கு வரி.

மகள் வாங்கிப் படித்தாள். "இதெல்லாம் மாமாவுக்குத் தெரியுமேப்பா" என்றாள்.

தெரியும் என்றேன். ஆனால் ஒரு வரியையும் அடிக்கவில்லை. அவளும் அடிக்கச் சொல்லவில்லை. மடித்து உறையில் போட்டு, தானே தபால் பெட்டிக்குக் கொண்டுபோனாள்.