ரக்ஸாலுக்குப் போன கியர்பாக்ஸ்

பெங்களூர் ஈஜிபுராவில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துகிறோம். பிரேக் ஷூ, கிளச் கேபிள், ஃபில்டர் என்று கைக்கு அடக்கமான சாமான்கள்தான் அதிகம் போகும். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் மட்டும் பழைய மாடல் ஜீப் ஒன்றுக்கான கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் பிரிக்காமலேயே கிடந்தன. அந்த ஜீப் வருவது நின்று பல வருஷமாகிவிட்டது.

"இதை யாரு கேட்டு வரப்போறாங்க? குஜரிக்காரனுக்குப் பழைய இரும்பா எடைக்குப் போட்டுடலாம். இடமாவது மிஞ்சும்," என்றார் அவர்.

எனக்கு மனசு வரவில்லை. புதுச் சாமான் அது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கூடுகிற ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டோ எடுத்துப் போட்டேன். பத்துப் பதினைந்து பேர் அழகாயிருக்கிறது என்று எழுதினார்கள். வாங்க ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நேபாளத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறாராம். நாங்கள் ஹிந்தியில் பேசினோம். என்னுடையது சிவாஜிநகர் கடைகளில் பேசிப் பழகிய ஹிந்தி, அவருடையது எல்லையோரத்து ஹிந்தி. யார் மூத்தவர் என்று கேட்டுக்கொள்ளாமலே ஒருவரை ஒருவர் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

விலை பேசியது சுலபம். அனுப்புவதுதான் கஷ்டம். எல்லையில் நம் பக்கத்து ஊரான ரக்ஸால் வரைக்கும் லாரியில் போட்டுவிட்டால், அங்கிருந்து கஸ்டம்ஸ் ஏஜென்டை வைத்துத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆசாரியை வரவழைத்து இரண்டு மரப்பெட்டி அடித்தோம். ஆக்ஸிலைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. டெம்போவில் ஏற்றும்போது வீட்டுக்காரரும் வந்து ஓரத்தைப் பிடித்துத் தள்ளினார். அவர் சம்மதித்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

லாரி போய்ச் சேர்ந்த அன்று, கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தபோது தீதி வீடியோ காலில் வந்தார். ரக்ஸால் லாரி ஆபீஸில் நின்றிருந்தார். பில்லோடு ஒத்துப்பார்க்க ஏஜென்ட் பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

"தீதி, ஆக்ஸில் சரியா இருக்கு. ஆனா இது என்ன? உங்க ஊர்ல கியர்பாக்ஸ் இப்படித்தான் இருக்குமா?"

போனைத் திருப்பிக் காட்டினார். வைக்கோலுக்கு நடுவில் பளபளவென்று ஒரு டிரம், அதற்குள் கருங்கல் குழவி. ஹோட்டலில் மாவு ஆட்டுகிற பெரிய கிரைண்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: எங்கள் கியர்பாக்ஸ் எங்கே?

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில் ஒரு போன் நம்பர் இருந்தது. தீதி படித்துச் சொல்ல, என் வீட்டுக்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். எடுத்தவுடனே தமிழில், "சார், நீங்க லாரி ஆபீஸா?" என்று கேட்டது அந்தக் குரல்.

பேசியவர் மதுரைப் பக்கத்துக்காரர். பெங்களூரில் ஒரு ஹோட்டலில் சமையல் மாஸ்டராக இருந்துவிட்டு, முசாபர்பூரில் சொந்தமாக இட்லிக் கடை போடப் போயிருக்கிறார். இங்கே ஹோட்டலில் ஓடிய கிரைண்டரை வாங்கி அதே லாரியில் அனுப்பியிருக்கிறார். வழியில் சரக்கு இறக்கியவர்கள் பெட்டியை மாற்றிவிட்டார்கள்.

"பொட்டியத் தொறந்தா கார் சாமான் இருக்குண்ணே. நாளைக்குக் கடைத் தொறப்பு. எல்லாருக்கும் சொல்லிட்டேன்," என்றார். கோபமில்லை, அழுதுவிடுகிற மாதிரி இருந்தது.

லாரி ஆபீஸில் கேட்டால், அடுத்த வண்டியில் மாற்றி அனுப்புகிறோம், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான் விஷயத்தைத் தீதியிடம் சொன்னேன். அவர் அங்கேயே யாரிடமோ வழி விசாரித்தார்.

"முசாபர்பூர் தூரமில்ல. ஒரு வண்டி பிடிச்சு நானே கொண்டுபோறேன். அவருக்கு நாளைக்குக் கடை, எனக்கு ஜீப் ஓடாம நிக்குது. இங்க உக்காந்து என்ன பண்றது?"

முன்பின் தெரியாத ஊருக்குத் தனியாகப் போகிறாரே என்று எனக்குத்தான் படபடப்பு. வழியெல்லாம் போன் செய்துகொண்டே இருந்தேன். சலிக்காமல் எடுத்து, எங்கே வந்திருக்கிறார் என்று சொன்னார். பொழுது சாயும்போது மாஸ்டர் கூப்பிட்டார். கிரைண்டர் வந்துவிட்டது, ஊறப்போட்ட உளுந்தை இப்போதுதான் போட்டிருக்கிறேன் என்றார். பின்னால் கல் சுற்றுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு, கடையில் நின்றிருந்த எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

தீதியை அன்று திரும்பிப்போக அவர்கள் விடவில்லை. மாஸ்டரின் சம்சாரத்தோடு தங்கி, காலையில் திறப்பு விழாவில் முதல் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கியர்பாக்ஸை ஏற்றிக்கொண்டு ரக்ஸாலுக்குக் கிளம்பினார். கஸ்டம்ஸ் முடிந்து சாமான் கைக்கு வர இன்னும் சில நாள் பிடித்தது. பிறகு, மலை வளைவில் அந்த ஜீப் ஏறுகிற வீடியோ வந்தது. மேலே மூட்டைகள், உள்ளே ஆட்கள். என் வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

இப்போதும் தீதி கூப்பிடுவார். போன வாரம் பேசியபோது ஜீப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டில் இட்லிக்கு அரைத்து வைத்தாராம். குளிரில் மாவு புளிக்கவே மாட்டேனென்கிறதாம். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். கம்பளிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை என்று சிரித்தார்.